கியர் எண்ணெய் ரோஸ்மில்க் ஆனால்...



எங்க பெரியப்பாவுக்குச் சின்ன வயசிலேயே போலியோ வந்து இடது காலில் பலம் இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்ச் பெடலே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வைத்திருக்கிறார். அதுதான் அவருக்குக் கால்! போன மாதம் பொள்ளாச்சி ரோட்டில் கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதறியது. "கியர்பாக்ஸ் போச்சு, வித்துடுங்க" என்றார்கள் எல்லோரும். பெரியப்பா முகம் வாடிப்போச்சு.

மெக்கானிக் அண்ணா மட்டும் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கியர்பாக்ஸில் எண்ணெய்க்கு முக்கியமாக மூன்று வேலை. என்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும். உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும். சூட்டையும் தணிக்கும். பெரும்பாலும் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால் கசிந்தால் உடனே தெரியும்.

துணியில் பார்க்க வேண்டியவை:

1. தெளிந்த சிவப்பு: நல்ல எண்ணெய்.
2. கரும்பழுப்பு, தீய்ந்த வாசனை: சூட்டில் கெட்டது. கிளட்ச் தட்டும் தேய்ந்திருக்கலாம்.
3. மினுமினுக்கும் துகள்: உள்ளே உலோகம் தேய்கிறது.
4. ரோஸ்மில்க் நிறம்: தண்ணீர் கலந்துவிட்டது!

எங்க துணியில் இருந்தது ரோஸ்மில்க்! தண்ணீர் எப்படி உள்ளே போகும்? பல பழைய கார்களில் இந்த எண்ணெயை ஆற வைக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது அரித்து ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும்.

"ஏனுங்ணா, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"நம்ம போர்த் தண்ணிதானுங்."

"அதாங்ணா அரிச்சிருச்சு. இனி ஒரு அடி ஓட்டாதீங்க. கிளட்ச் தட்டுல காகிதம் மாதிரி ஒட்டியிருக்கறது தண்ணி பட்டா உரிஞ்சுடும். அப்புறம்தான் கியர்பாக்ஸ் போகும்."

வெறும் எண்ணெயை மட்டும் மாற்றினால் புது எண்ணெயும் ரோஸ்மில்க் ஆகிவிடும். அதனால் முதலில் ரேடியேட்டரை மாற்றினார். பிறகு நிறம் தெளியும் வரை பல தடவை எண்ணெய் ஊற்றி வடித்தார். சீக்கிரமே பார்த்ததால் கியர்பாக்ஸ் பிழைத்தது.

நண்பர்களே, உங்க வீட்டில் பழைய ஆட்டோமேட்டிக் கார் இருந்தால் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பார்ப்பதா, நிறுத்திவிட்டா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் இருக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது!

பெரியப்பா இப்போது டிக்கியில் கூலண்ட் கேன் வைத்திருக்கிறார். போர்த் தண்ணி தென்னைக்கு மட்டும்தான்!


– 10 ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு