சொல்லின் எல்லையும் சொல்நிறைவுப் பிழையும்

நிரல் எழுதும் செயலியில் ஒரு பெயரின் முற்பகுதியைத் தட்டியதும் முழுப்பெயரை முன்வைக்கும் வசதியைச் சொல்நிறைவு எனலாம். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற செயலிகளில் இப்பணியைப் பெரும்பாலும் நீட்சிகளே செய்கின்றன. 2008இல் வெளிவந்த பைத்தான் 3, மாறிகளுக்குத் தமிழில் பெயரிட இடந்தருகிறது. ஆயினும், 'எண்ணிக்கை' என்னும் மாறியை அமைத்த மாணவர், பின்னர் 'எண்ணி' எனத் தட்டிப் பட்டியலிலிருந்து அப்பெயரைத் தேர்ந்தால், பிழையுள்ள நீட்சியில் 'எண்ணிஎண்ணிக்கை' என வந்து நிற்கும். தமிழ் நிரலுக்கு ஒத்துவராது என்று அவர் முடிவுகட்டிவிடக்கூடும். பிழையோ தமிழில் இல்லை. நீட்சியை எழுதியவர் சொல்லுக்கு வகுத்த எல்லையில் இருக்கிறது.

இலக்கணத்தார்க்கு 'எண்ணி' மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியிலோ அது ஐந்து குறியெண்கள்: எ, ண, புள்ளி, ண, இகரக் குறி. எ, ண ஆகியவற்றை எழுத்து என்றும், புள்ளியையும் உயிர்க்குறியையும் சார்ந்துவரும் குறி என்றும் ஒருங்குறி வகைப்படுத்துகிறது. எழுத்து வகையை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்ளும் விதி, புள்ளி வந்த இடத்தில் சொல் முடிந்ததாகக் கருதும். இகரக் குறிக்குப் பின்னிருந்து நோக்கினால் அதற்குச் சொல்லே தென்படாது. ஆகவே தட்டியதை நீக்காமல் முழுப்பெயரையும் ஒட்டிவிடும். 'எண்ண' என்ற அளவில் நிறுத்தினாலோ, 'ண' எனத் தொடங்கும் பெயரைத் தேடும். ணகரம் மொழிமுதலில் வாராது என நம் இலக்கண நூலோர் என்றோ வரையறுத்துவிட்டனர். பட்டியல் வெறுமையாக இருப்பதில் வியப்பில்லை! திருத்தம் சிறியதே: குறி வகையையும் விதியில் சேர்த்தல் வேண்டும்.

அடுத்தது எண்ணும் முறையில் நேர்வது. சொற்களைத் தேடித்தரும் மொழிச் சேவையகமும் செயலியும் உரையாடுவதற்கான நெறிமுறை 2016இல் அறிவிக்கப்பட்டது. அது வரியில் உள்ள இடத்தை யூடிஎஃப்-16 அலகுகளால் குறிக்கிறது. 2022இல் வந்த 3.17 பதிப்புதான் இருதரப்பும் வேறு அலகுக்கு இசைய வழிசெய்தது. 'எண்ணி' யூடிஎஃப்-16இல் 5 அலகுகள். யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். சேவையகம் பைட்டுகளை எண்ணி அனுப்ப, செயலி அதை அலகுகளாகக் கொண்டால், மாற்றவேண்டிய பகுதி பிறழ்ந்துவிடும். ஆங்கில எழுத்துகளுக்கு இரு கணக்கும் ஒன்றே. அதனால் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதிப்பவர் கண்ணில் இப்பிழை படுவதேயில்லை.

இன்னொன்றும் உண்டு. 'கொள்முதல்' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். பைத்தான் இரண்டையும் ஒரே பெயராகவே கொள்ளும். நீட்சியோ, ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணராவிட்டால், அவற்றை வெவ்வேறாகக் கருதும்.

நீட்சியின் சோதனைகளில் 'எண்ணிக்கை'யையும், இருவகையாகப் பதிந்த 'கொள்முதல்'ஐயும் சேர்த்தால் இம்மூன்று பிழைகளும் வெளிப்படும்.