சொத்துதான் படிக்கவைக்கிறது

வழிகாட்டி மதிப்பு ஒரு கோடி ரூபாய் உள்ள வீட்டை வெளியாள் ஒருவர் கிரயம் வாங்கினால், தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 லட்சம். அதே வீட்டை அப்பா மகனுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிவைத்தால் இரண்டும் தலா ஒரு சதவீதம்தான். அதிலும் தீர்வைக்கு 40,000, கட்டணத்துக்கு 10,000 என்று உச்சவரம்பு. ஐம்பதாயிரத்தில் காரியம் முடிந்தது. பத்து கோடி சொத்தானாலும் அதே ஐம்பதாயிரம்தான். பெற்றவரிடமிருந்து வந்த கொடை என்பதால் மகனுக்கு வருமான வரியும் இல்லை.

மூன்று சென்ட்டில் அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டைப் பிள்ளைக்குக் கொடுக்க அரசுக்கு எதற்கு அழ வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால், வீடு குடியிருக்க மட்டும் பயன்படுவதில்லை. கல்விக் கடன் பொதுவாக 4 லட்சம் வரை பிணையில்லாமல் கிடைக்கும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் மேனேஜர் ஈடு கேட்பார். வீட்டுப் பத்திரம் இருக்கும் குடும்பம் எடுத்து நீட்டும். வாடகை வீட்டுக்காரர் எதை நீட்டுவார்? நீட் தேர்வுக்கு இன்னொரு வருடம் உட்கார்ந்து படிக்கிற சௌகரியமும் அப்படித்தான். மதிப்பெண் பிள்ளையுடையது, காத்திருக்கும் தெம்பு பெற்றவருடையது.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்தைக் கேட்டுச் சிலர் கலந்தாய்விலேயே வேண்டாமென்று திரும்பினார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இட ஒதுக்கீடு கதவைத் திறந்தது. உள்ளே போகப் பணம் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், சட்டம், வேளாண்மைக்கு ஒதுக்கீட்டை விரிவாக்கியபோது, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசு சேர்த்தே ஏற்றது. ஏழை வீட்டில் இல்லாத சொத்தின் வேலையை அரசின் கஜானா செய்கிறது என்று இதைச் சொல்லலாம். நல்ல ஏற்பாடு. முதல் பட்டதாரி சலுகையும் இந்த வகைதான். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது. தம்பி, தங்கை பாடு பழையபடி.

கொடுக்கிற பக்கத்தில் இவ்வளவு செய்த நாம், எடுக்கிற பக்கத்தில் வாயே திறப்பதில்லை. இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி இருந்தது. 1953-இல் வந்த எஸ்டேட் டியூட்டி ஒரு கட்டத்தில் 85 சதவீதம் வரை போனது. அத்தனை உயரத்தில் வைத்தால் பணக்காரர் வரி கட்ட மாட்டார், ஆடிட்டரைத்தான் பார்ப்பார். ஆண்டு வசூல் சுமார் 20 கோடிதான், நிர்வாகச் செலவோ அதிகம் என்று 1985 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் வி.பி.சிங் அதை ஒழித்தார். 2024 தேர்தல் சமயத்தில் காங்கிரஸ் பிரமுகர் சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசு வரியைப் பற்றிப் பேசியதும், அது அவருடைய சொந்தக் கருத்து என்று காங்கிரஸே கைகழுவியது.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் பங்கீடு வேறு கதை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே தந்தது. நாடு முழுக்க 2005-இல் வந்தது. இருந்தும், "நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் போடுகிற கையெழுத்து அது.

மாநில அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செட்டில்மென்ட்டுக்கு இப்போதுள்ள உச்சவரம்பால், 40 லட்சத்துக்கு மேற்பட்ட மதிப்புக்குத் தீர்வையே இல்லை என்றாகிறது. சிறு வீடுகளுக்குச் சலுகையை அப்படியே விட்டுவிட்டு, சில கோடிகளுக்கு மேல் மட்டும் உச்சவரம்பை எடுத்துவிடலாம். அந்தப் பணத்தில் விடுதி கட்டலாம். ஆனால் உச்சவரம்பை எடுத்தால், பெரிய சொத்துக்காரர்கள் செட்டில்மென்ட்டை விட்டு உயிலுக்கு மாறுவார்கள். உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க வாரிசு வரிதான் வேண்டும். விவசாய நிலத்துக்கு அதை மாநிலமே போடலாம், மற்ற சொத்துக்கு டெல்லிதான் சட்டம் இயற்ற வேண்டும்.