வேகத்துக்கு முதல் சலான் வந்தால் வியாபாரி என்ன செய்ய வேண்டும்?

ஒரு காலத்தில் சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் பெரிய மண்டிக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்கள் வாடகை லாரியையும் மாட்டு வண்டியையும் நம்பியிருந்தோம். இன்று சிறு மளிகைக் கடை வாசலிலும் ஒரு லோடு ஆட்டோவோ குட்டியானை வண்டியோ நிற்கிறது. வண்டி வந்தது நல்லதே. ஆனால் அதோடு கூடச் சட்டமும் கடைக்குள் வந்துவிட்டது. சாலையோரக் கேமரா வேகத்தை அளக்கிறது. எண் பலகையைப் படம் பிடிக்கிறது. உரிமையாளரின் செல்போனுக்குச் செய்தி வருகிறது. முதல் சலானைப் பார்த்ததும் சிலர் பதறிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் பார்த்தும் பாராதவர்போல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வியாபாரிக்கு அழகல்ல. ஒரு பில் வந்தால் சரக்கோடு ஒத்துப் பார்த்த பிறகுதானே பணம் கொடுக்கிறோம்? சலானையும் அப்படியே பார்க்க வேண்டும்.

சலான் உண்மையானதா?

முதல் வேலை இதுதான். போலிச் சலான் செய்திகள் வாட்ஸ்அப்பில் ஏராளமாக வருகின்றன. "அபராதம் பாக்கி, இந்த ஃபைலைத் திறந்து பாருங்கள்" என்று ஏ.பி.கே. என முடியும் ஒரு ஃபைல் வரும். அதைத் தொட்டால் வங்கிக் கணக்குக்கே ஆபத்து. அரசாங்கம் அப்படி ஃபைல் அனுப்புவதில்லை. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நாமே போய், வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்துப் பார்க்க வேண்டும். அரசுத் தளத்தின் முகவரி "ஜிஓவி.இன்" என்று முடியும். சலான் அங்கே இருந்தால் உண்மை. இல்லாவிட்டால் செய்தியை அழித்துவிடுங்கள்.

இதற்கு ஆர்.சி. புத்தகத்தில் நம் செல்போன் எண் பதிவாகியிருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்குச் சலான் பழைய உரிமையாளருக்கே போகும். சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, வண்டியை வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியை விற்றவர்களும் பெயர் மாறிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையேல் யாரோ ஓட்டிய வேகத்துக்கு நீங்கள் பதில் சொல்ல நேரும்.

வரிவரியாகப் படியுங்கள்

கேமராச் சலானில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை, 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ கூறுகிறது. எண் பலகை தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். எவரோ ஒருவர் "வண்டி வேகமாகப் போனது" என்று கண்ணால் பார்த்துச் சொன்னது மட்டும் தண்டனைக்குப் போதாது. கருவியால் அளந்திருக்க வேண்டும் என்று 183-வது பிரிவே சொல்கிறது.

ஆகவே படத்தில் இருப்பது நம் வண்டிதானா என்று பாருங்கள். 3-ஐ 8 என்று கருவி படித்திருக்கலாம். நம் எண்ணைப் போலியாக ஒட்டிக்கொண்டு வேறு வண்டி ஓடியிருக்கலாம். அதற்கு அத்தாட்சி தேட வியாபாரி எங்கும் போக வேண்டியதில்லை. அன்றைய இ-வே பில்லில் வண்டி எண் இருக்கிறது. எடைமேடைச் சீட்டில் நேரம் இருக்கிறது. ஃபாஸ்டேக் கணக்கில் சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் இருக்கிறது. இவற்றைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை.

கட்டுவதா, மறுப்பதா?

தவறு நம்முடையதென்றால் கெடுவுக்குள் கட்டிவிடுவதே மேல். அபராதங்களை உயர்த்திய சட்டத்திருத்தம் 2019-ல் வந்தது. நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி அதிவேகத்துக்கு இலகு ரக வண்டிக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. கட்டியதும் ரசீதை எடுத்து வண்டிக் கோப்பில் சேருங்கள். பாக்கி வைத்தால் பெயர் மாற்றம், எஃப்.சி. போன்ற வேலைகளுக்குப் போகும்போது அந்தப் பழைய சலான் குறுக்கே வந்து நிற்கும். கடைசியில் வண்டி நின்றுபோகும் நாளின் வாடகை நஷ்டம் அபராதத்தைவிடப் பெரிதாகிவிடும்.

தவறு நம்முடையதல்ல என்றால் அத்தாட்சிகளுடன் மறுத்து எழுதலாம். மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன சலானாக இருந்தால், அபராதத்தைக் கட்டுவதா வழக்கை நடத்துவதா என்று அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். நடத்துவதென்றால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு வரும். 1,000 ரூபாய்க்காக எத்தனை நாள் கடையை விட்டுப் போவது என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் எண் பலகை மோசடி என்றால் விடக்கூடாது. காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தே ஆக வேண்டும். அந்த வண்டி நாளை வேறு குற்றத்தில் சிக்கினால், தேடி வருவது உங்களைத்தான்.

போலீசார் நேரில் நிறுத்தினால் டிரைவர் மரியாதையாக லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. ஆகியவற்றைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கரில் உள்ள பிரதி செல்லும். ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். சங்க நிர்வாகியின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவும் வேண்டாம். சங்கத்தின் பெயர் அதற்காக உண்டானதல்ல.

சட்டம் முதலாளியையும் கேட்கும்

நம்மில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. 183-வது பிரிவு, வேகமாக ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை. தன் வேலையாளை அப்படி ஓட்டச் செய்தவரையும் சேர்த்தே சொல்கிறது. வேக வரம்பை மீறாமல் போய்ச்சேர முடியாத நேரத்துக்குள் போய்ச்சேரச் சொல்லி உத்தரவிட்டிருந்தால், அந்த உத்தரவே முதலாளிக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியாகக் கொள்ளப்படும். "பத்து மணிக்குள் சரக்கு இறங்காவிட்டால் உன் கூலியில் பிடிப்பேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி யார் கையில் இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முதல் சலான் வந்த அன்று டிரைவர் தம்பியை அழைத்துத் திட்டுவதற்கு முன், அன்று வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். மண்டியில் பில் போடத் தாமதம், மூட்டை ஏற்ற ஆள் வரவில்லை, ஊருக்குள் சரக்கு வண்டிக்குத் தடை நேரம் தொடங்கப் போகிறது என்று ஏதாவது காரணம் இருக்கும். கடையில் இழந்த நேரத்தை டிரைவர் சாலையில் மீட்கப் பார்க்கிறான். அபராதத்தை அவன் கூலியில் பிடித்தால், அதை ஈடுகட்ட இன்னொரு டிரிப் அடிப்பான். அதையும் வேகமாகத்தான் அடிப்பான்.

வேகத்தில் மிச்சம் எவ்வளவு?

20 கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். 75-ல் போனால் 16 நிமிடம். மிச்சம் நான்கு நிமிடம். அதுவும் வழியில் சிக்னலே இல்லாவிட்டால்தான். ஆனால் பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தேய்ந்த டயரும் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூட்டைக்கு 20 ரூபாய் நிற்கிறதென்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் அபராதம் 50 மூட்டை அரிசியின் லாபம். நான்கு நிமிடத்துக்கு 50 மூட்டையைக் கொடுக்கிற வியாபாரம் எந்த ஊரில் உண்டு?

இ-வே பில்லில்கூட அரசு நம்மை ஓடச் சொல்லவில்லை. 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள் அவகாசம் இருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-ல் நிறுத்துகிறதே என்று ஊருக்குள் 80-ல் ஓட்டுவதும் தவறு. சென்னையில் 2023 நவம்பரில் இலகு ரக வண்டிக்கு 60, கனரக வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று வரம்பு அறிவித்தார்கள். பலகையில் உள்ள எண்ணே அந்தச் சாலையின் சட்டம்.

இரண்டாவது சலான் வரக்கூடாது

முதல் சலானில் போவது பணம். இரண்டாவது முறை பிடிபட்டால் டிரைவரின் லைசென்ஸைப் பறிமுதல் செய்து அனுப்பலாம் என்கிறது சட்டம். அதிவேகத்துக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்படி, உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குக் கூறியிருக்கிறது. மூன்று மாதம் வேலையில்லாத டிரைவரின் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? லைசென்ஸ் நிறுத்தப்பட்டவனிடமே "பக்கத்துத் தெருதானே, எடுத்துப் போ" என்று சாவியைக் கொடுத்தால் முதலாளிக்குத் தனி அபராதம் உண்டு. அந்த நேரத்தில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம். ஒரு உயிருக்கான நஷ்ட ஈட்டைத் தாங்கும் முதல் நம்மில் எத்தனை பேர் கடையில் இருக்கிறது?

எனவே ஒரு நோட்டுப் போடுங்கள். வண்டி கடையை விட்ட நேரம், சேர வேண்டிய இடம், சேர்ந்த நேரம் என மூன்று கட்டம் போதும். ஒரு மாதம் எழுதினால் தாமதம் எங்கே என்று தெரிந்துவிடும். முதல் நாள் இரவே பில்லும் மூட்டையும் தயாராக இருந்தால், காலையில் அரை மணி நேரம் கையில் இருக்கும். "தாமதமானால் போன் செய், கடைக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள். சரக்கு தாமதமாக வந்தால் வாடிக்கையாளர் அன்று கோபப்படுவார், மறுநாள் மறந்துவிடுவார். தெருவில் நடந்துபோன பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தத் தெருவில் நாம் மறுபடி தலைநிமிர்ந்து கடை திறக்க முடியாது.