உங்களுக்குத் தெரியுமா? ‘க்ளிக்’ சத்தம் கேட்காத பெல்ட்

2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் ஏஐ கேமராக்கள் அபராதம் விதிக்கின்றன. சீட் பெல்ட் இல்லையென்றால் 500 ரூபாய். ஆகவே திருவனந்தபுரத்தில் பக்கிள் மக்கர் செய்தால் தள்ளிப்போட முடியாது.

பூட்டாத பக்கிள் உடைந்திருக்க வேண்டும் என்றில்லை. பிஸ்கட் தூளோ, விழுந்த காசோ, ஜூஸ் பிசுக்கோ உள்ளே அடைத்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள்; வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். எண்ணெய் விடவே கூடாது, தூசி இன்னும் அப்பும்.

பெல்ட்டைப் பூட்டியும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையவில்லையா? பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்சையோ சீட்டுக்கு அடியில் போகும் ஒயரையோ சந்தேகப்படலாம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் சொட்டும் குடையை அங்கேதானே செருகுகிறோம்! ஆனால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் கழற்றாதீர்கள். பல கார்களில், மோதும் நொடியில் பெல்ட்டைச் சுண்டி இறுக்கும் சிறு வெடிமருந்துக் கருவிக்குப் போகும் இணைப்பு அது. மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அலாரத்தை ஏமாற்றச் செருகும் போலி கிளிப்புகளோ வேறு கதை: 5 இணைய அங்காடிகள் அவற்றை விற்கக் கூடாதென்று, 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை உத்தரவு போட்டது.