உங்களுக்குத் தெரியுமா? கருவைக் காக்கும் இரட்டை மரபணு

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை, ஆக்சிஜனைத் தாயின் ரத்தத்திலிருந்துதான் வாங்க வேண்டும். அதற்கென்றே அதனிடம் தனி ஹீமோகுளோபின் உண்டு. அதன் காமா சங்கிலியை உருவாக்க, நமது 11ஆம் குரோமோசோமில் இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் 136ஆவது இடத்தில்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடம் முதலில் இருந்தது ஒரே காமா மரபணு. அதன் இருபுறமும் எல்1 எனப்படும் டி.என்.ஏ. துண்டுகள் இருந்தன, தன்னைத்தானே பிரதி எடுத்துப் பரவும் வகை. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்தபோது ஒரு பக்கத்து எல்1 மறுபக்கத்து எல்1-உடன் தவறாகப் பொருந்த, ஒரு குரோமோசோமுக்கு இரண்டு காமா கிடைத்துவிட்டன. பிற பாலூட்டிகள் பலவற்றில் தொடக்கக் கருவோடு நின்றுவிடும் காமாவின் வேலை, இந்தக் கிளையில் பிறப்பு வரை நீண்டது. இத்தகைய துண்டுகளையெல்லாம் 'குப்பை' என்று ஒதுக்கியது அவசரத் தீர்ப்பு.

பிறந்த சில மாதங்களில் காமா அடங்கிவிடும். அதை மீண்டும் எழுப்பி, ஹீமோகுளோபின் கோளாறான அரிவாள் செல் நோயைக் கட்டுப்படுத்தும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. நீலகிரிப் பழங்குடியினரிடமும் இந்த நோய் உண்டு. சிகிச்சை அவர்களுக்கும் எட்ட வேண்டும்.