நிலத்தில் செல்போன் சிக்னல்: சோதித்துப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும், சந்தை விலையை விசாரிக்கவும், வங்கிக் கணக்கிற்கும் பி.எம். கிசான் திட்டத்திற்கும் வரும் ஓ.டி.பி. எண்ணைப் பெறவும் இன்று உழவர்களுக்குச் செல்போன் இன்றியமையாததாகிவிட்டது. ஆனால் பல ஊர்களில் வீட்டில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் நிலத்தில் கிடைப்பதில்லை. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் செல்போன் ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டால், இருட்டில் வரப்பு மேல் நடந்து மோட்டார் கொட்டகைக்குச் செல்ல நேரிடுகிறது. மோட்டாரை நிறுத்த அனுப்பிய கட்டளை போய்ச் சேராவிட்டால், நீர் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடிக் காயில் கருகிவிடும். வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினால் 108 ஆம்புலன்சை அழைப்பதற்கும் சிக்னல் வேண்டும்.

இக்குறையைப் போக்க, விளம்பரத்தைப் பார்த்தோ, டவுனில் நன்றாக இருக்கிறது என்பதற்காகவோ நிறுவனத்தை மாற்றுவது பயன் தராது. மண்ணைப் பரிசோதித்த பின் உரமிடுவது போல, சிக்னலையும் தேவைப்படும் இடத்திலேயே சோதித்த பிறகு முடிவு செய்தல் வேண்டும். அதற்கான எளிய முறைகள் கீழே தரப்பட்டுள்ளன.

சிக்னல் குறைவதற்கான காரணங்கள்

செல்போனும் கோபுரமும் ஒன்றோடொன்று வானொலி அலைகள் மூலம் பேசிக்கொள்கின்றன. உங்கள் போனிலிருந்து கிளம்பும் அலை மிகவும் வலுக் குறைந்தது. ஆகையால் இடையில் வரும் தடைகள் அதனை எளிதில் குறைத்துவிடும்.

1. தொலைவும் மேடுபள்ளமும்: கோபுரத்திலிருந்து விலக விலக சிக்னல் குறையும். இடையில் குன்றோ கரடோ இருந்தால், கோபுரம் அருகிலிருந்தும் பயனில்லை. கொல்லிமலை, சவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் மேட்டில் கிடைக்கும் சிக்னல் பள்ளத்தில் அறவே கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

2. மரங்களும் பயிர்களும்: இலைகளில் உள்ள நீர் அலைகளை உறிஞ்சுகிறது. அடர்ந்த தென்னந்தோப்பு, வாழை, வளர்ந்த கரும்பு ஆகியவற்றின் நடுவில் சிக்னல் குறையும். மழைக்குப் பின் இலைகள் ஈரமாக இருக்கும்போது மேலும் குறையும். கரும்பு நட்ட மாதத்தில் கிடைத்த சிக்னல், வெட்டும் பருவத்தில் கிடைக்காமல் போகலாம்.

3. கட்டடம்: தகரம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். தகரக் கொட்டகைக்குள்ளும், கம்பி கட்டிய கான்கிரீட் கூரையின் கீழும், கிணற்றின் உள்ளேயும் சிக்னல் குறைவது இதனால்தான்.

4. அலைவரிசை: 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும்; சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3300 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் மிகுந்த வேகம் தரும். ஆனால் குறைந்த தொலைவே செல்லும். டவுனில் வேகமாக இருக்கும் நிறுவனம் உங்கள் காட்டில் எட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. நெரிசலும் மின்தடையும்: மாலை வேளையில் பலர் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும்போது, சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் இணையம் மெதுவாகும். மின்தடை நீடித்துக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்துவிட்டால் சிக்னல் முழுவதும் நின்றுவிடும்.

சோதனை செய்யும் முறை

போனில் தெரியும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு போனில் மூன்று கோடு காட்டும் சிக்னலை வேறொரு போன் இரண்டு கோடாகக் காட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் சென்று, ‘போனைப் பற்றி’ என்பதில் ‘சிம் நிலை’யைப் பார்த்தால் சிக்னலின் வலிமை டி.பி.எம். என்ற அளவில் எண்ணாகத் தெரியும். இந்த எண் எப்போதும் மைனஸ் குறியுடன் இருக்கும். மைனஸ் குறிக்குப் பின் வரும் எண் சிறியதாக இருந்தால் சிக்னல் நல்லது எனக் கொள்ள வேண்டும்.

4ஜி சிக்னலுக்கு ஏறத்தாழப் பின்வருமாறு கொள்ளலாம்:

–90 அல்லது அதற்குக் குறைந்த எண்: நல்ல சிக்னல்.
–91 முதல் –105 வரை: நடுத்தரம். பேசலாம், படமும் அனுப்பலாம்.
–106 முதல் –115 வரை: குறைவு. பேச்சு விட்டுவிட்டு வரும்.
–115-க்கு மேல்: பேச்சு அறுந்துபோகும்.

இந்த அளவில் 10 எண் கூடினால் வலிமை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள். 4ஜி எண்ணை 4ஜி எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வயலின் ஒரு மூலையில் எடுத்த மண் மாதிரி வயல் முழுவதற்கும் பொருந்தாதது போல, ஓரிடத்தில் பார்த்த சிக்னலும் போதாது. வீடு, மோட்டார் கொட்டகை, வயலின் நடு, களம் ஆகிய நான்கு இடங்களிலும், காலை, மாலை, இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லாத வேளையில் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. இதற்காகப் புதிய சிம் வாங்கத் தேவையில்லை. வேறு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரைப் போனுடன் உங்கள் நிலத்திற்கு அழைத்து வந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் பேசியும் பாருங்கள். எல்லாச் சிம்களையும் ஒரே போனில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் சரியாக அமையும்.

எடுத்துக்காட்டாக, ‘அ’ நிறுவனம் வீட்டில் –86, மோட்டார் கொட்டகையில் –118 எனவும், ‘ஆ’ நிறுவனம் வீட்டில் –97, மோட்டார் கொட்டகையில் –99 எனவும் காட்டுவதாகக் கொள்வோம். வீட்டில் மட்டும் பார்த்தவர் ‘அ’ நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் மோட்டார் கொட்டகையில் ‘ஆ’ நிறுவனத்தின் சிக்னல் ஏறக்குறைய 80 மடங்கு வலிமை உடையது. வீட்டிலும் அது பேசுவதற்குப் போதுமானது. எனவே இந்த உழவருக்கு ‘ஆ’ நிறுவனமே ஏற்றது.

மாற்றுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

குறை சில வேளைகளில் போனிலேயே இருக்கும். எனவே முதலில் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. ‘விமான நிலை’யைப் போட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். போன் மீண்டும் நல்ல கோபுரத்தைத் தேடிக்கொள்ளும்.

2. 5ஜி சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், அமைப்பில் 4ஜி மட்டும் என மாற்றிப் பாருங்கள்.

3. பழைய சிம் தேய்ந்திருந்தால் அதே எண்ணுக்குப் புதிய சிம் வாங்கலாம்.

4. உலோகம் கலந்த உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

5. வீட்டில் கம்பிவழி இணைய இணைப்பு இருந்தால் ‘வைஃபை அழைப்பு’ வசதியைப் போட்டுக்கொள்ளலாம். கோபுரத்தின் சிக்னல் இல்லாமலே பேச இயலும்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஏற்ற சிம்

செல்போன் ஸ்டார்ட்டர்களில் பல 2ஜி முறையில் மட்டும் இயங்குபவை. 2016-இல் சேவையைத் தொடங்கிய ஜியோ நிறுவனத்திடம் 2ஜி சேவை இல்லை. ஆகவே அத்தகைய ஸ்டார்ட்டரிலும், 2ஜி பட்டன் போனிலும் அந்நிறுவனத்தின் சிம் இயங்காது. ஸ்டார்ட்டர் வாங்கும்போதே அது 2ஜி வகையா, 4ஜி வகையா எனக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற சிம்மை வாங்க வேண்டும்.

ஸ்டார்ட்டரின் ஏரியலை இரும்புப் பெட்டிக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ விடாமல், வயர் மூலம் வெளியே எடுத்துக் கூரைக்கு மேலே செங்குத்தாக நிறுத்துதல் வேண்டும். பல கொட்டகைகளில் இம்மாற்றம் ஒன்றே குறையைப் போக்கிவிடும்.

இந்தச் சிம்முக்கு இணைய வசதி தேவையில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் அதைக் கேட்டு வாங்கினால் செலவு குறையும். மோட்டார் ஓடாத கோடை மாதங்களில் சிம்மை மறந்துவிட வேண்டாம். 90 நாட்கள் அறவே பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படலாம்.

எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றுதல்

தமிழ்நாட்டில் இன்று பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ, வி.ஐ. ஆகிய நான்கு நிறுவனங்கள் சேவை அளிக்கின்றன. சோதனையில் வேறு நிறுவனம் ஏற்றது எனத் தெரிந்தால், பழைய எண்ணைக் கைவிட்டுப் புதிய எண் வாங்காதீர்கள். உங்கள் ஆதார், வங்கிக் கணக்கு, பயிர்க் காப்பீடு ஆகியன பழைய எண்ணுடன் இணைக்கப்பட்டிருக்கும். கைவிட்ட எண் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும். 2011 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள எண் மாறா வசதியைப் பயன்படுத்துவதே நல்லது. அதன் படிகள் வருமாறு:

1. PORT என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

2. எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது 4 நாட்கள் செல்லும். அதை வேறு எவரிடமும் சொல்ல வேண்டாம்.

3. அதற்குள் புதிய நிறுவனத்தின் கடைக்கு ஆதார் அட்டையுடன் சென்று சிம் பெறுங்கள்.

4. மாநிலத்திற்குள் மாறுவதானால் 3 வேலை நாட்களில் மாற்றம் முடியும். பழைய சிம் நின்றதும் புதிய சிம்மைப் போட வேண்டும்.

இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாட்கள் முடிந்திருந்தால்தான் மாற இயலும். மாறிய பின்னும் 90 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதாவது, தவறான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கம்புப் பயிர் விளையும் காலம் வரை அதோடு இருக்க நேரும். முன்கூட்டிச் சோதிக்க வேண்டும் என வலியுறுத்துவது இதற்காகத்தான். சிம்மைத் தொலைத்து அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கியிருந்தால் 7 நாட்கள் கழித்தே விண்ணப்பிக்கலாம். பழைய சிம்மில் மீதமுள்ள ரீசார்ஜ் தொகை போய்விடும். ஆகவே அது முடியும் தறுவாயில் மாறுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் மாறுதல் கூடாது.

இரண்டு சிம் போடும் போன் வைத்திருப்பவர்கள் இரு வேறு நிறுவனங்களின் சிம்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல இடங்களில் இரு நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கு மின்தடையின்போது இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். இரண்டும் ஒரே வேளையில் நிற்கின்றனவா எனச் சில நாட்கள் கவனித்துவிட்டு இரண்டாவது சிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

செய்யக் கூடாதது

சிக்னலைக் கூட்டித் தரும் என்று விற்கப்படும் பூஸ்டர் கருவிகளை வாங்க வேண்டாம். உரிமமின்றி அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஒரு வீட்டில் வைத்த பூஸ்டர் சுற்றிலும் உள்ளவர்களின் சிக்னலைக் கெடுத்துவிடும்.

எந்த நிறுவனமும் எட்டாத ஊர்களில்

2024-இல் டிராய் வெளியிட்ட விதிமுறைப்படி, சிக்னல் கிடைக்கும் இடங்களை வரைபடமாக நிறுவனங்கள் தத்தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வரைபடத்தில் சிக்னல் உண்டு எனக் காட்டியும் உங்கள் ஊரில் இல்லையெனில் 198 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். ஊரார் சேர்ந்து, இடமும் நேரமும் டி.பி.எம். அளவும் குறித்த பட்டியலை இணைத்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், பொதுவான புகாரைவிட அதற்கு வலு அதிகம். சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கோபுரம் அமைக்கும் திட்டத்திற்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதைச் செயல்படுத்துவது பி.எஸ்.என்.எல். நிறுவனம். மலைக் கிராமத்தார் தங்கள் தீர்மானத்தின் படியை அந்நிறுவனத்திற்கும் அனுப்பலாம்.

மேற்கூறிய சோதனைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு நாட்களும் போதும். எனவே அடுத்த ரீசார்ஜ் செய்யும் முன்பே உங்கள் நிலத்தின் நான்கு இடங்களிலும் சிக்னலை அளந்து, அதற்கேற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துப் பயனடையுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.