வேலை போகும், விசா உடனே போகாது

2007 அக்டோபர் 26 அன்று, ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிறுவனமான நோவா, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு ஒசாகா நீதிமன்றத்தில் மனுப் போட்டது. பெரிய ரயில் நிலையம் என்றால் பக்கத்தில் அதன் கிளை இருக்கும் என்கிற அளவுக்குப் பரவியிருந்த நிறுவனம் அது. நாலாயிரத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சம்பளம் அதற்கு முன்பே நின்றிருந்தது. பலர் நிறுவனம் ஏற்பாடு செய்த வீட்டில் குடியிருந்தார்கள். வாடகை அவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதே தவிர, வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான் சிலருக்கு விஷயமே தெரிந்தது. பாடம் சொல்லிக் கொடுத்து, கூலியாகச் சாப்பாடு வாங்கிக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு. தொழிற்சங்கமே முன்னின்று அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது.

நோவா ஏன் விழுந்தது என்பது இன்று அங்கே வேலை தேடுகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நூற்றுக்கணக்கான வகுப்புகளுக்கான கட்டணத்தை மாணவர்களிடம் மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடுவது அதன் வழக்கம். அப்படி வாங்கினால் ஒரு வகுப்பின் விலை குறையும். ஆனால் பாதியில் விலகுகிறவர் மீதியைத் திருப்பிக் கேட்டால், அவர் முடித்த வகுப்புகளுக்கு மட்டும் கூடுதல் விலை போட்டுக் கழித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கு செல்லாது என்று 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூனில், நீண்டகால ஒப்பந்தத்தில் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாதென்று அரசு ஆறு மாதத் தடை போட்டது. புது மாணவரின் முன்பணத்தில் பழைய செலவை ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனத்தால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2010இல் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய நிறுவனமும் திவாலானது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். ஜப்பானில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியருக்கு வேலை, வீடு, விசா, மருத்துவக் காப்பீடு எல்லாமே ஒரே முதலாளியின் கையில் இருப்பதுபோலத் தோன்றும். வேலை போனதும் எல்லாமே போய்விட்டது என்ற பதற்றத்தில் விமானம் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. சட்டம் அப்படி இல்லை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் காகிதம், தனித்தனிக் கெடு. அதைத் தெரிந்தவர் மறுபடி தொடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதலில் வெளியேறும் விதம். எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகக் கவனம் தேவை. "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், உண்மை அதுவாக இல்லாதவரை போடக் கூடாது. வேலையிழந்தோர் உதவித்தொகை கிடைப்பதும் தாமதமாவதும் அந்த ஒரு வரியைப் பொறுத்தது. நிறுவனம் வேலையிலிருந்து அனுப்பியதாகவோ மூடியதாகவோ பதிவானால், கடைசி ஓராண்டில் 6 மாதம் வேலைவாய்ப்புக் காப்பீட்டில் இருந்திருந்தாலே தகுதி உண்டு. 7 நாள் காத்திருப்புக்குப் பிறகு கணக்கு தொடங்கிவிடும். தானாக விலகியதாகப் பதிவானால் கடைசி 2 ஆண்டில் 12 மாதம் தேவை. 7 நாளுக்குப் பிறகு இன்னும் ஒரு மாதம் கையில் காசில்லாமல் காத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அது இரண்டு மாதமாக இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்படி நீங்கள் கேட்டும் நிறுவனம் மறுத்திருந்தால், அதையும் சொந்த விலகலாகக் கருத மாட்டார்கள். ஆகவே புதுப்பிக்கும்படி எழுத்தில், மின்னஞ்சலிலாவது, கேட்டு வைத்திருப்பது நல்லது.

விலகிய பிறகு நிறுவனம் ரிஷொக்குஹ்யோ என்ற சான்றைத் தர வேண்டும். அதில் விலகிய காரணத்தை நிறுவனம் குறித்திருக்கும். அதற்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று தொழிலாளி குறிக்கவும் இடம் இருக்கும். ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாதவர் அந்த இடத்தில் அவசரப்பட்டு "இல்லை" என்று குறித்துவிடுகிற அபாயம் நிஜமானது. சான்றை எடுத்துக்கொண்டு ஹலோ ஒர்க் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். டோக்கியோ, ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா நகரங்களில் வெளிநாட்டவருக்கென்றே தனி மையங்கள் இருக்கின்றன. முன்பு வாங்கிய சம்பளத்தில் 50 முதல் 80 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, குறைந்தது 90 நாளுக்குக் கிடைக்கும். சம்பளம் குறைவாக இருந்தவருக்குச் சதவீதம் கூடுதல். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போய், வேலை தேடியதைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. பேச்சுப் பயிற்சிப் பள்ளிகளிலும், பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்களிலும் வாரம் 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் போடுவது நெடுநாள் பழக்கம். முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால் பங்கை எட்டினால் மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் நிறுவனம் பாதி செலுத்த வேண்டும். அதைத் தவிர்க்கவே அந்த அரை மணி நேரக் குறைப்பு. 2016 முதல் படிப்படியாகச் சட்டம் இறுகி, 2024 அக்டோபரிலிருந்து 51 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறவரையும், மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், சேர்த்தாக வேண்டும். வேலைவாய்ப்புக் காப்பீட்டுக்கோ முன்பிருந்தே 20 மணி நேரம் போதும். சேர்க்காமல் விட்டிருந்தால் இரண்டு ஆண்டு வரை பின்தேதியிட்டுச் சேர்க்கச் சொல்லி ஹலோ ஒர்க்கில் கேட்கலாம். ஆனால் "ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர்" என்ற பெயரில் வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் தானாக வராது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை, விளம்பரத்தில் உள்ள தொகை எவ்வளவு கவர்ந்தாலும், ஏற்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

நிறுவனமே திவாலாகிச் சம்பளம் நின்றுவிட்டால் இன்னொரு வாசல் உண்டு. வராத சம்பளத்தில் 80 சதவீதத்தை, வயதுக்கேற்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசுத் திட்டம் ஒன்று முன்வந்து கொடுக்கிறது. வேலையை விட்ட நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துப் பாக்கி இதில் அடங்கும். எந்த நாட்டவர் என்ற பேதம் இதில் கிடையாது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு வேலை சுலபம்.

இனி விசா. குடியிருப்பு அட்டையில் அச்சிட்டிருக்கும் தேதி வரை அனுமதி செல்லும். வேலை போன அன்றே அது காலாவதியாகாது. வேலையை விட்ட 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புது வேலை கிடைத்ததும் இன்னொரு முறை, அதே 14 நாள் கெடுவில். மூன்று மாதத்துக்கு மேல் தகுந்த காரணமின்றி அந்த விசாவுக்கு உரிய வேலையைச் செய்யாமல் இருந்தால் அனுமதியை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உண்மையாக வேலை தேடுவது தகுந்த காரணம். ஆகவே விண்ணப்பித்த இடங்கள், நேர்காணல் கடிதங்கள், ஹலோ ஒர்க் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வர வேண்டும். பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு இடத்தில் சேர முடியாது என்று சிலர் மிரட்டுவார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

விசாவில் பலர் இடறும் இடம் வேறு. பேச்சுப் பயிற்சி நிறுவனத்தில் கற்பிப்பவருக்குக் கொடுப்பது மனிதவியல், பன்னாட்டுச் சேவை வகை விசா. அரசு, தனியார் பள்ளிகளில் கற்பிப்பவருக்கு ஆசிரியர் வகை விசா. பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர் வகை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், வகையை மாற்றவோ கூடுதல் அனுமதி பெறவோ வேண்டும். வெறும் அறிவிப்பு போதாது. ஒரே வகைக்குள் நிறுவனம் மாறுகிறவர், புது வேலை தன் விசாவுக்குள் அடங்கும் என்று குடிவரவு அலுவலகத்திடம் முன்கூட்டியே சான்று வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை விசாவைப் புதுப்பிக்கையில் அந்தச் சான்று பெரிய நிம்மதி.

எங்கே தேடுவது? இதில் நாள்காட்டிதான் முக்கியம். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அப்படியே. மார்ச்சில் வேலை இழந்தவர், குளிர்காலத்திலேயே தேடத் தொடங்காவிட்டால் நல்ல இடங்கள் நிரம்பிவிட்டதைப் பார்ப்பார். பேச்சுப் பயிற்சிப் பள்ளிகள் மட்டும் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கும். சம்பளம் நெடுங்காலமாக மாதம் 2.5 லட்சம் யென்னை ஒட்டியே நிற்கிறது. மாலையும் வார இறுதியும் வேலை. அவசரத்துக்கு அது ஒரு படி.

பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர்வது அடுத்த வழி. 1987இல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டம் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்துக் கூட்டி வருவது என்பதால், ஜப்பானில் வேலை இழந்து நிற்பவருக்கு அது உடனடித் தீர்வாகாது. ஆனால் 2011இல் தொடக்கப்பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலச் செயல்பாடு கட்டாயமானது. 2020இல் அது மதிப்பெண் போடும் பாடமாகி, செயல்பாடு 3ஆம் வகுப்புக்கு இறங்கியது. அதனால் ஆள் தேவை கூடியது. அந்தத் தேவையைப் பெரும்பாலும் ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்கள் நிரப்புகின்றன. பள்ளி விடுமுறை மாதங்களில் சம்பளத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களும் அங்கே உண்டு. நகராட்சிக் கல்வி வாரியம் நேரடியாக எடுக்கும் இடங்கள் குறைவு, ஆனால் மேலானவை. அவற்றின் அறிவிப்பு பல நேரம் ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும். அந்த மொழியை ஓரளவு படிக்கத் தெரிந்தவருக்குப் போட்டி வெகுவாகக் குறைகிறது. வேலையில்லாத மாதங்களில் செய்யத்தக்க ஒரே முதலீடு எது என்று என்னைக் கேட்டால், ஜப்பானிய மொழிதான் என்பேன். பல்கலைக்கழகத்துக்கு முதுகலைப் பட்டமும் வெளியான கட்டுரைகளும் கேட்பார்கள். அது ஒரு மாதத்தில் ஆகிற காரியமல்ல.

விளம்பரங்களில் "தாய்மொழியாக ஆங்கிலம் பேசுவோர்" என்று போடுவது சாதாரணம். அமெரிக்க, பிரிட்டிஷ் முகத்தைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது பல இடங்களில் உண்மை. இதில் மனம் புண்படுவது இயல்பு. ஆனால் பள்ளி உதவி ஆசிரியருக்கான விசா விதி பிறந்த நாட்டைக் கேட்பதில்லை. கற்பிக்கும் மொழியிலேயே 12 ஆண்டுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும் என்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ஆங்கில வழியில் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டமும் பெற்றவர் அதைச் சான்றுகளோடு நிரூபிக்கலாம். பள்ளியிலிருந்து பயிற்று மொழிச் சான்றை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

கையில் இருக்கும் காசைச் சத்தமில்லாமல் தின்பது உள்ளூர் வரி. அது சென்ற ஆண்டு வருமானத்தின்மேல் போடப்பட்டு ஜூனில் வரும். வேலை இல்லாதவருக்கும் வரும். தவணை கேட்டு நகராட்சிக்குப் போகலாம். நிறுவனக் காப்பீடு நின்ற 14 நாளுக்குள் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். நிறுவனம் அனுப்பியதால் வேலை இழந்தவர் என்றால், சென்ற ஆண்டுச் சம்பளத்தை 30 சதவீதமாகவே கணக்கில் எடுத்துப் பிரீமியம் போடுவார்கள். ஆனால் கேட்டால்தான் குறைப்பார்கள்.

எல்லாம் செய்தும் கூடி வராமல் ஊர் திரும்ப முடிவு செய்கிறவருக்கு ஒரு கடைசிக் கணக்கு உண்டு. ஆறு மாதமாவது ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டியவர், நாட்டை விட்டுக் கிளம்பிய இரண்டு ஆண்டுக்குள் அதில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். 2021 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டு வரையிலான காலம் கணக்கில் சேரும். பெற்றுவிட்டால் அந்த ஆண்டுகள் பதிவிலிருந்து அழிந்துவிடும். ஜப்பானிய ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு வேண்டும், ஆனால் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காலத்தை அந்தப் பத்து ஆண்டுத் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ள அது இடம் தருகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர், பணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.